ஆறாவது மாடியில் இருந்து கயிற்றில் இறங்கிய செடிகள்

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. விடியற்காலை 5 மணி 12 நிமிடம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் தூங்கிக் கொண்டிருந்தது. திடீர் என்று பூமி குலுங்கியது. ஒரு நிமிடத்துக்குள் நகரமே உருக்குலைந்து போனது.

பூகம்பத்தை விடக் கொடியது பின்னால் வந்தது. அது, தீ! தண்ணீர்க் குழாய்கள் உடைந்து விட்டன. தீயை அணைக்க வழி இல்லை. தெருத்தெருவாக நெருப்பு பரவியது. ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு ஓடினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பெண்மணி மட்டும் நெருப்பை நோக்கி நடந்தார். வயது 47. அவர் போன இடம், மார்க்கெட் தெருவில் இருந்த கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தின் கட்டடம். பக்கத்துக் கட்டடம் எரிந்து கொண்டிருந்தது. கழகத்தின் உள்ளே பளிங்குப் படிக்கட்டு நொறுங்கிக் கிடந்தது. அவர் போக வேண்டியதோ ஆறாவது மாடி.

படிக்கட்டு இல்லை. ஆனால் அதன் ஓரத்து இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் அப்படியே நின்றன. அந்தக் கம்பிகளுக்கு இடையே காலை நுழைத்து, கையால் பற்றிக் கொண்டு, அவர் மேலே ஏறினார். ராபர்ட் போர்ட்டர் என்ற நண்பரும் உடன் ஏறினார்.

மேலே இருந்தது என்ன? பணப் பெட்டியா? நகையா?

இல்லை. காய்ந்து போன செடிகள்!

தாளில் ஒட்டிய செடி

காய்ந்த செடிக்காக உயிரைக் கொடுப்பார்களா என்று கேட்கத் தோன்றும். இது வைக்கோல் போர் அல்ல. விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

காட்டிலே ஒரு செடியைப் பார்க்கிறோம். அது என்ன செடி? அதன் பெயர் என்ன? ஊருக்கு ஊர் ஒரு பெயர் சொல்லுவார்கள். ஆகவே தாவர நூல் அறிஞர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளையை வெட்டி, பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து, பலகை வைத்து அழுத்தி, வார் போட்டுக் கட்டி விடுவார்கள். ஈரம் போய்க் காய்ந்ததும், கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்டுவார்கள். தாளின் மூலையில் ஒரு சீட்டு. எந்த ஊர், எந்த மலை, எத்தனை அடி உயரம், என்ன தேதி, எடுத்தவர் யார் என்று அதிலே எழுதுவார்கள்.

இப்படிப்பட்ட தாள்களை ஆயிரம் ஆயிரமாக அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். பூச்சி அரிக்காமல் பார்த்துக் கொண்டால் செடி 200 ஆண்டு, 300 ஆண்டு கூட இருக்கும். கை பட்டால் அப்பளம் போல நொறுங்கும். ஆனால் சாகாது.

இந்தத் தாள்களில் சில மிகவும் முக்கியமானவை. உலகத்துக்கே தெரியாத புதுச் செடி ஒன்றைக் கண்டுபிடித்து முதல் தடவையாகப் பெயர் சூட்டும்போது, எந்தத் தாளைப் பார்த்துப் பெயர் சூட்டினார்களோ, அந்தத் தாளுக்கு மூலத் தாள் என்று பெயர். பிற்காலத்தில் சண்டை வந்தால், இந்தச் செடிதான் அந்தச் செடியா என்று சந்தேகம் வந்தால், மூலத் தாளை எடுத்துத்தான் தீர்ப்புச் சொல்லுவார்கள். நிலத்துக்கு மூலப் பத்திரம் எப்படியோ, செடியின் பெயருக்கு மூலத் தாள் அப்படி. அது எரிந்து போனால் அதே தாளை இன்னொருவர் செய்ய முடியாது.

அந்தக் காலத்தில் மூலத் தாள்களை மற்றத் தாள்களோடு கலந்து வைப்பதுதான் வழக்கம். இந்த அம்மையார் அந்த வழக்கத்தை மாற்றி, அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். அதனால்தான், ஒரு லட்சத்தை ஒட்டிய தாள்களுக்கு நடுவே எதை எடுப்பது என்று அன்று அவர் தடுமாறவில்லை. நேராகப் போய் எடுத்தார்.

எடுத்ததைக் கட்டுக் கட்டாகக் கட்டினார். கயிறுகளையும் நூல்களையும் முடிச்சுப் போட்டு நீளமாக்கினார். ஆறாவது மாடியில் இருந்து கீழ்த் தளத்துக்கு ஒவ்வொரு கட்டாக இறக்கினார். ஏறத்தாழ 1,500 செடித் தாள்கள் இப்படித் தப்பின. தீ துரத்தத் துரத்த அவற்றை ஓர் இடம் விட்டு இன்னோர் இடமாக மாற்றிக் கொண்டே இருந்தார்.

மீதித் தாள்கள் எல்லாம் எரிந்து சாம்பல் ஆயின. அவர் குடியிருந்த வீடும், சொந்தச் சாமான்களும் எரிந்து போயின. அவற்றை எடுக்க அவருக்கு நேரம் இல்லை.

அவர்தான் ஆலிஸ் ஈஸ்ட்வுட்.

தாய் இல்லாத பெண்

ஆலிஸ் 1859-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி கனடா நாட்டில் டொராண்டோ நகரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் மூத்தவர். ஆறு வயதில் தாய் இறந்து போனார். தந்தைக்குத் தொழிலில் நஷ்டம். பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்தார். குழந்தைகளை உறவினர் வீட்டிலும் மடத்துப் பள்ளியிலும் விட்டார்.

டாக்டராக இருந்த ஒரு சித்தப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். செடிகளுக்கு லத்தீன் மொழியில் பெயர் உண்டு என்பதை அவரிடம்தான் ஆலிஸ் கற்றார். பொம்மை வைத்து விளையாடும் வயதில் அந்தப் பெண்ணுக்குச் செடிகளின் பெயர்களே விளையாட்டு.

14-வது வயதில் தந்தையோடு அமெரிக்காவின் டென்வர் நகருக்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் வேலை. அந்த வீட்டில் நல்ல புத்தகசாலை இருந்தது. கோடையில் அவர்கள் மலைக்குப் போவார்கள், ஆலிசும் போவார். ராக்கி மலையின் பூக்களை முதன்முதலாக அங்கேதான் பார்த்தார்.

வேலையும் செய்து கொண்டு, படிப்பையும் விடாமல், 1879-ம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முதல் மாணவியாக முடித்தார். அதோடு படிப்பு முடிந்தது. கல்லூரி வாசலை அவர் மாணவியாக மிதித்தது இல்லை! அதே பள்ளியில் ஆசிரியை ஆனார். 10 ஆண்டுகள் வேலை பார்த்தார். தாவர நூலை அவருக்கு யாரும் வகுப்பில் கற்றுக் கொடுக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு, மலையிலே செடியைப் பார்த்து, தானே கற்றார். விடுமுறை விட்டதும் மலை. பள்ளி திறந்ததும் வகுப்பு.

அவர் புகழ் மெல்லப் பரவியது. 1887-ம் ஆண்டு இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ஆல்பிரட் ரசல் வாலஸ் டென்வருக்கு வந்தார். டார்வினைப் போலவே உயிரினங்களின் பரிணாமத்தைத் தனியாகக் கண்டவர் அவர். அப்போது அவருக்கு வயது 64. 14,000 அடிக்கு மேல் உயரம் உள்ள கிரேஸ் சிகரத்தில் ஏறிப் பூக்களைப் பார்க்க ஆசைப்பட்டார். வழி காட்ட யார் தகுந்தவர்? எல்லோரும் காட்டியது பள்ளி ஆசிரியை ஆலிசைத்தான்.

தன் சம்பளத்தைக் கொடுத்த தோழி

கையில் சேர்த்த பணத்தை ஆலிஸ் டென்வரில் மனையிலும் கட்டடத்திலும் போட்டிருந்தார். அதில் சிறு வருமானம் வந்தது. பள்ளி வேலையை விட்டார். கலிபோர்னியாவுக்குப் போனார்.

அங்கே விஞ்ஞானக் கழகத்தின் தாவரப் பகுதியைக் கவனித்தவர் கேதரின் பிராண்டகி என்ற அம்மையார். டாக்டருக்குப் படித்தவர், செடிகளின் மேல் கொண்ட பற்றால் இந்தப் பக்கம் வந்தவர். ஆலிசின் திறமையைப் பார்த்ததும் இவரை விடக்கூடாது என்று தீர்மானித்தார். ஆனால் இன்னொருவரை நியமிக்கக் கழகத்திடம் பணம் இல்லை. கேதரின் என்ன செய்தார் தெரியுமா? தன் சம்பளத்தையே ஆலிசுக்குக் கொடுக்கச் சொல்லி விட்டார்! 1892-ம் ஆண்டு ஆலிஸ் வேலையில் சேர்ந்தார். சில காலத்தில் கேதரின் தம்பதிகள் வேறு ஊருக்குப் போய் விட்டார்கள். பொறுப்பு முழுவதும் ஆலிசிடம் வந்தது. 1949 வரை அவர்தான் தலைவி.

அந்தக் காலத்தில் பெண்கள் தரையைத் தொடும் பாவாடை அணிவார்கள். அதை உடுத்திக் கொண்டு மலை ஏற முடியுமா? குதிரை ஏற முடியுமா? ஆலிஸ் முரட்டுத் துணியில் நடுவே பிரித்துப் பொத்தான் போட்ட ஓர் உடையைத் தைத்துக் கொண்டார். ஆண்களைப் போலக் குதிரையின் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். யூட்டா மாநிலத்தின் வறண்ட பள்ளத்தாக்குகளில் வழிகாட்டி ஒருவருடன் நாள் கணக்கில் போய்ச் செடி சேர்த்தார். டமால்பைஸ் மலையில் அவர் நடக்கும் வேகத்துக்கு இளைஞர்களே திணறினார்கள். திருமணம் செய்து கொள்ளவில்லை.

குட்டி ஆப்பிள்

ஆலிஸ் அம்மையாரை மிகவும் கவர்ந்த செடிகளில் ஒன்று மன்சனீட்டா. ஸ்பானிஷ் மொழியில் இதற்குக் குட்டி ஆப்பிள் என்று பொருள். காய் ஆப்பிள் மாதிரியே இருக்கும். அளவு மட்டும் சுண்டைக்காய். அறிஞர்கள் வைத்த கிரேக்கப் பெயருக்குக் கரடித் திராட்சை என்று பொருள். கரடிகள் இதை விரும்பித் தின்னும்.

புதர்ச் செடிதான். ஆனால் அழகு! பட்டை வழவழப்பாக, சிவந்த நிறத்தில், மெருகு போட்ட மரச் சாமான் போல இருக்கும். கிளைகள் முறுக்கி முறுக்கி வளரும். பூ சின்னஞ்சிறு குடத்தைக் கவிழ்த்தது போலத் தொங்கும். பல இனங்களில் இலை படுத்துக் கிடக்காது, செங்குத்தாக நிற்கும். உச்சி வெயில் இலையின் முகத்தில் அடிக்காமல் ஓரத்தில் பட்டுப் போய்விடும்.

கலிபோர்னியாவில் மன்சனீட்டா 60 இனங்களுக்கு மேல் உண்டு. இவற்றைப் பிரித்து அறிவது பெரிய தலைவலி. ஓர் இனம் இன்னோர் இனத்தோடு கலந்து விடும். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். இந்தச் சிக்கலுக்குள் துணிந்து புகுந்தவர் ஆலிஸ். 1897-ம் ஆண்டு அவர் பெயர் சூட்டிய ஓர் இனத்தை இன்று ஜனங்கள் ஈஸ்ட்வுட் மன்சனீட்டா என்றே அழைக்கிறார்கள். அதன் சிறு கிளைகளில் பிசுபிசுப்பான ரோமம் இருக்கும். தரையை ஒட்டி ஒரு பெரிய கட்டை வீங்கி நிற்கும். காட்டுத் தீயில் மேலே உள்ளது எல்லாம் எரிந்து போனாலும் அந்தக் கட்டையில் இருந்து மறுபடி துளிர் விடும்.

1905-ம் ஆண்டு இன்னொரு மன்சனீட்டாவுக்குச் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பெயரையே சூட்டினார். அது நகரத்துக் கல்லறைத் தோட்டங்களிலும், பாறை மேடுகள் சிலவற்றிலும் மட்டும் வளர்ந்தது. நகரம் வளர வளர அந்தச் செடி சுருங்கியது. 1947-ல் கல்லறை நிலத்தைத் தோண்டி வீடு கட்ட ஆரம்பித்தபோது, ஆர்வலர்கள் சில செடிகளைப் பெயர்த்துத் தாவரத் தோட்டங்களில் வைத்தார்கள். அதற்குப் பின் இயற்கையில் அது அடியோடு போய் விட்டது என்றே அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. 2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம், தங்க வாசல் பாலத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டினார்கள். அவ்வழியே காரில் போன தாவர அறிஞர் ஒருவர் சாலை நடுவே ஒரு புதரைப் பார்த்தார். அதே செடி! ஒரே ஒரு செடி! 2010 ஜனவரியில் வேர் மண்ணோடு கிரேன் வைத்துத் தூக்கிப் பத்திரமான இடத்தில் நட்டார்கள். 2012-ல் அமெரிக்க சர்க்கார் அதை அழியும் ஆபத்தில் உள்ள செடி என்று அறிவித்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அம்மையார் தனி இனம் என்று பெயர் வைத்த மன்சனீட்டாக்கள் எல்லாமே நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவற்றில் பலவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்து விட்டார்கள். சிறு வித்தியாசத்தைக் கூட விடாமல் பார்க்கும் கண் அவருக்கு. சில சமயம் அந்தக் கண் கொஞ்சம் அதிகமாகவே பார்த்து விட்டது. ஆனால் அவரைத் திருத்தியவர்கள் எதை வைத்துத் திருத்தினார்கள்? அவர் சேர்த்து வைத்த தாள்களை வைத்துத்தான்!

மறுபடியும் முதலில் இருந்து

பூகம்பத்துக்குப் பிறகு கழகத்துக்குக் கட்டடம் இல்லை. ஆலிஸ் அம்மையாருக்கு வேலையும் இல்லை. அவர் கண்ணீர் விட்டுக் கொண்டு உட்காரவில்லை. அமெரிக்காவின் பெரிய ஹெர்பேரியங்களுக்குப் போனார். லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார். அங்கே இருந்த கலிபோர்னியாச் செடிகளின் பழைய தாள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

இதற்கிடையே ஓர் அதிர்ஷ்டமும் நடந்தது. பூகம்பத்துக்கு முந்திய ஆண்டிலேயே கழகத்தின் கப்பல் ஒன்று கலாபகஸ் தீவுகளுக்குப் போயிருந்தது. நகரம் எரிந்தபோது அது கடலுக்கு அப்பால் இருந்தது. 1906 நவம்பரில் செடிகளும் விலங்குகளும் நிறைந்த பெட்டிகளோடு அது திரும்பி வந்தது. வெறுங்கையாக நின்ற கழகத்துக்கு அதுவே மறுமூலதனம்.

1912-ல் அம்மையார் பழைய வேலைக்குத் திரும்பினார். அப்போது வயது 53. மற்றவர்கள் ஓய்வு பெற எண்ணும் வயதில் அவர் முதல் தாளில் இருந்து ஆரம்பித்தார். 1914-ல் வடக்கே பனி சூழ்ந்த யூகான் பகுதிக்குப் போனார். மலை, கடற்கரை, பாலைவனம் எதையும் விடவில்லை. பிற்காலத்தில் ஜான் தாமஸ் ஹவல் என்ற இளைஞர் உதவிக்கு வந்தார். இருவரும் காரில் மேற்கு மாநிலங்களைச் சுற்றினார்கள். 1932-ல் சொந்தமாக ஒரு தாவரப் பத்திரிகையும் ஆரம்பித்தார்கள். மன்சனீட்டா இனங்களை எல்லாம் வரிசைப்படுத்தி அம்மையார் அதிலே எழுதினார்.

1942 வாக்கில் கழகத்தின் ஹெர்பேரியத்தில் ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் தாள்கள் சேர்ந்து விட்டன. தீயில் போனதைப் போல மூன்று பங்கு!

90 வயது முடிந்ததும், 1949-ல்தான் வேலையில் இருந்து விலகினார். அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டில் உலகத் தாவர அறிஞர்கள் மாநாடு. 91 வயது அம்மையாரை கௌரவத் தலைவியாக அழைத்தார்கள். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் உட்கார்ந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கல்லூரிக்கே போகாத பெண்மணி! 1953-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 94.

பாலைவனத்தில் ஒரு புதர்

அம்மையாரின் முறையில் செய்த தாள்கள் இன்று எதற்குப் பயன்படுகின்றன? ஓர் உதாரணம் பார்ப்போம்.

கலிபோர்னியாவின் தெற்கே ஆன்சா-பொர்ரேகோ என்ற பாலைவனப் பூங்கா இருக்கிறது. சுமார் 6 லட்சம் ஏக்கர். அதற்கு வடக்கே ஜோஷுவா மரப் பூங்கா. சுமார் 8 லட்சம் ஏக்கர். கோடையில் தாழ்வான இடங்களில் அனல் பறக்கும். அங்கே மன்சனீட்டாவா? ஆம். ஆனால் சமவெளியில் அல்ல. மேலே, பாறைகள் உருண்டு கிடக்கும் உயரமான பகுதிகளில் வளர்கிறது. குளிர்கால மழை கொஞ்சம் கிடைக்கும் இடம் அது. பாறை இடுக்கில் வேர் விட்டு, சாம்பல் பூசியது போன்ற இலைகளோடு நிற்கும். காய் மற்ற இனங்களை விடப் பெரியது. ஆகவே பெரிய காய் மன்சனீட்டா என்று பெயர். ஈஸ்ட்வுட் மன்சனீட்டா இதன் பக்கத்து வீட்டுக்காரர். ஆன்சா-பொர்ரேகோவுக்கு மேற்கே உள்ள மலைகளில் வளர்கிறது.

இரண்டும் கிட்டத்தட்டச் சந்திக்கும் இடத்தில் ஒருவர் ஒரு கிளையை வெட்டித் தாளில் ஒட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். இலையும் காயும் தாளில் இருக்கும். ஆனால் செடியின் அடியில் உள்ள அந்த வீங்கிய கட்டை? அதைத் தாளில் ஒட்ட முடியாதே! ஈஸ்ட்வுட் மன்சனீட்டாவுக்குக் கட்டை உண்டு. பெரிய காய் மன்சனீட்டாவுக்குக் கிடையாது; தீயில் எரிந்தால் அந்தச் செடி செத்து விடும், விதைதான் முளைக்க வேண்டும். ஆகவே, கட்டை இருந்ததா இல்லையா என்பதைச் சீட்டில் எழுதியே ஆக வேண்டும். அந்த ஒரு வரியை எழுத மறந்தால், 50 ஆண்டு கழித்துத் தாளைப் பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

பழைய சீட்டுகளில் இன்னொரு பயன் உண்டு. இந்த மேட்டில், இத்தனை அடி உயரத்தில், இந்தத் தேதியில் பூத்திருந்தது என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் இறந்து விட்டார். இன்றைய ஆராய்ச்சியாளர் அந்தச் சீட்டை வைத்துக் கொண்டு அதே மேட்டுக்குப் போகிறார். செடி இருக்கிறதா? அதே மாதத்தில் பூக்கிறதா? மழை குறைந்து வெயில் கூடியதால் கீழே உள்ளவை காய்ந்து, மேலே உள்ளவை மட்டும் மிஞ்சினவா? பழைய தாள் இல்லை என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது. முன்பு அங்கே இருந்தது என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

இப்போது கலிபோர்னியாவின் ஹெர்பேரியங்கள் ஒன்று சேர்ந்து லட்சக்கணக்கான சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டன. வீட்டில் உட்கார்ந்தபடியே எந்தப் பூங்காவில், எந்த ஆண்டு, யார் மன்சனீட்டா எடுத்தார்கள் என்று பார்க்கலாம். பூங்காவில் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக் கூட ஒடிக்கக் கூடாது. அனுமதி வாங்கிச் செல்கிறவர்கள் இன்றும் பலகையும் தாளும் வாரும் கொண்டுதான் போகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் தங்க வாசல் பூங்காவுக்குள் இருக்கிறது கழகத்தின் இன்றைய கட்டடம். அங்கே மூலத் தாள்களை இப்போதும் மற்றத் தாள்களோடு கலப்பது இல்லை. தனி அலமாரியில்தான் வைத்திருக்கிறார்கள்.